அம்பரும் கல்லான பவளமும்: மலிவு வேறு, போலி வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், மணிக்கற்களை அறுத்து மெருகேற்றும் பொழுதுபோக்கைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பதினைந்து ஆண்டுகளாகச் சாணைக்கு முன் உட்கார்ந்து பழகிய எனக்கு, இப்படியொரு பொருளுக்கு ஒரு முழுப் பக்கம் கிடைத்ததே மகிழ்ச்சி தந்தது. ஆயினும், அக்கட்டுரையின் இறுதியில், குறைந்த விலையில் கிடைக்கும் கச்சா அம்பர் அனைத்தும் போலி என்றும், புதைபடிவப் பவளமும் அவ்வாறே என்றும் பொருள்பட இரண்டு வரிகள் இடம்பெற்றிருந்தன. புதிதாக இந்த வேலைக்கு வருவோரை அவ்வரிகள் ஒன்று அஞ்சி விலகச் செய்யும், இல்லையேல் விலையைக் கூட்டிக் கொடுத்துவிட்டால் மெய்ப்பொருள் கைக்கு வந்துவிடும் என்று நம்ப வைக்கும். இரண்டாவது விளைவே எனக்கு அதிகக் கவலை தருகிறது; ஏனெனில், போலியை விற்பவர்களும் அந்த நம்பிக்கையை நன்றாக அறிந்துதான் விலை வைக்கிறார்கள்.

முதலில் அம்பர். தமிழில் இந்தச் சொல்லே ஒரு சிக்கல். திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் மணப்பொருளான அம்பர்கிரிஸையும் நாம் அம்பர் என்றே சொல்லி வந்திருக்கிறோம். அரபு மொழியின் ‘அன்பர்’ என்ற சொல் முதலில் அதைத்தான் குறித்தது, பிறகே மரப்பிசினுக்கும் ஒட்டிக்கொண்டது. நான் இங்கே பேசுவது, பண்டைய மரங்களிலிருந்து வடிந்த பிசின் மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகிய பொருளைப் பற்றி மட்டுமே. பால்டிக் கடலைச் சுற்றியுள்ள நிலங்களில் கிடைப்பது ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதில் பெரும்பகுதி ரஷ்யாவின் கலினின்கிராத் பகுதியில் வெட்டி எடுக்கப்படுகிறது. டொமினிகன் குடியரசின் அம்பர் அதைவிட இளையது, 1.5 கோடி முதல் 2 கோடி ஆண்டுகள் வரை. மெக்சிகோவின் சியாபாஸ், இந்தோனேசியாவின் சுமத்திரா ஆகிய இடங்களின் அம்பரும், ஏறத்தாழ 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மயோசீன் காலத்தைச் சேர்ந்தவையே.

இவற்றில் எது மலிவு, ஏன் மலிவு என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. சுமத்திராவின் அம்பர் நிலக்கரிப் படிவுகளோடு சேர்ந்து வெளிவருவது. கரியும் மண்ணும் அப்பிய கரும்பழுப்புக் கட்டியாக இருக்கும், பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. ஆனால் அதைத் தேய்த்து வெயிலில் பிடித்தால், டொமினிகன் நீல அம்பருக்கு ஓரளவு நிகரான நீல ஒளிர்வு அதன் மேற்பரப்பில் தெரியும். பால்டிக் அம்பரைச் சல்லடையில் இட்டு அளவுவாரியாகப் பிரித்து விற்பார்கள்; துண்டு பெரிதாகப் பெரிதாக அதன் கிராம் விலை நேர்விகிதத்தில் ஏறாமல் தாவி ஏறும். ஆகவே, விரல் நுனியளவுத் துண்டுகளை வாங்குபவர் அதே சுரங்கத்தின் அதே பொருளை மிகக் குறைந்த விலைக்குப் பெறுகிறார். மேலே தடித்த தோல் படிந்தவை, உள்ளே மரத்தூளும் தாவரச் சிதைவும் கலந்தவை, விரிசல் ஓடியவை ஆகிய யாவும் விலை இறங்கிய சரக்குகளே. அவை எல்லாம் அசல் அம்பர்தான். பூச்சி அகப்பட்ட துண்டுக்குக் கேட்கும் விலையைக் கல் அறுப்பவர் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. அத்தகைய துண்டை நாம் சாணையில் வைப்பதும் தகாது, அது ஆய்வாளரின் மேசைக்குரியது.

விலையே இல்லாமல் கடற்கரையில் பொறுக்கலாமே என்று கேட்பார் உண்டு. பொறுக்கலாம், ஆனால் பால்டிக் கரையில் இரண்டாம் உலகப்போர்க் கால வெடிபொருட்களிலிருந்து கசிந்த வெண்பாஸ்பரஸ் கட்டிகள் அம்பரைப் போலவே மஞ்சளாக ஒதுங்குகின்றன என்பதையும், சட்டைப்பையில் போட்டபின் அது உலர்ந்து உடற்சூட்டிலேயே தீப்பற்றிப் பலரைச் சுட்டிருக்கிறது என்பதையும் அறிந்தபின் பொறுக்க வேண்டும். அங்கே தேடுவோர் ஒரு தகர டப்பாவைக் கையோடு கொண்டுபோவது அதனால்தான்.

இனி என் கதை. தொடங்கிய இரண்டாம் ஆண்டில், ‘இளம் அம்பர்’ என்று சீட்டு ஒட்டிய ஒரு பையை வாங்கினேன். தேன் நிறம், கண்ணாடித் தெளிவு, ஒவ்வொன்றும் எலுமிச்சையளவு. கிராம் விலையோ சிறு பால்டிக் துண்டுகளைவிடக் குறைவு. அறுக்கும்போதே இரம்ப இழையில் பசைபோல் ஒட்டியது. உப்புத்தாளில் தேய்த்தபோது தூள் வராமல் உருண்டு திரண்டது. நான் என் கைத்திறனைத்தான் குறை சொல்லிக்கொண்டேன். ஒருவழியாக மெருகேறிய நான்கு மணிகளும் ஓராண்டு கழித்து வறண்ட குளத்தின் தரைபோல் நுண்ணிய வெடிப்புகளால் மூடிக்கொண்டன. அது கோப்பல்: சில நூறு ஆண்டுகளிலிருந்து சில ஆயிரம் ஆண்டுகள் வரையே மண்ணில் கிடந்து, முழுதாக இறுகாமல் எடுக்கப்பட்ட பிசின். கொலம்பியாவிலும் மடகாஸ்கரிலும் அது பெரிய கட்டிகளாகக் கிடைக்கிறது. விற்றவர் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவர் நேரடியாகப் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல முடியாது. இளமையானது என்று அவர் எழுதியது உண்மைதான், எவ்வளவு இளமை என்பதை மட்டும் எழுதவில்லை. கோப்பல் என்ற தன் பெயரிலேயே விற்கப்பட்டிருந்தால் அந்த விலைக்கு அது நியாயமான பொருள். கை பழக நானே வாங்கியிருப்பேன்.

இதை வைத்துத்தான் சொல்கிறேன்: விலையைக் கண்டு ஐயப்படுவதைவிட, சீட்டில் எழுதியிருக்கும் பெயரைக் கண்டு ஐயப்படுவது பயன் தரும். எந்த நாட்டின் அம்பர், எந்தப் பகுதியில் கிடைத்தது, சூடேற்றியதா, அழுத்தி ஒட்டியதா என்ற கேள்விகளை எழுத்தில் கேட்டால், பதிலும் எழுத்தில் வந்தால், மலிவான சரக்கும் நம்பத்தக்கதாகிறது. சிறு துணுக்குகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கிய அழுத்த அம்பரைப் பலர் தெரிந்தே விரும்பி வாங்குகிறார்கள். உள்ளே நீண்டு இழுபட்ட குமிழிகளும் பாகு ஓடியது போன்ற கோடுகளும் அதைக் காட்டிக்கொடுக்கும். மங்கலான அம்பரை எண்ணெயில் மெல்லச் சூடேற்றித் தெளிவாக்குவதும் பழைய வழக்கமே. அப்போது உள்ளே தோன்றும் வட்டத் தகடு போன்ற மினுக்கங்களை இயற்கையின் அற்புதம் என்று விற்கும்போதுதான் சிக்கல்.

சோதனை முறைகளில் கட்டுரை ஒன்றையே குறிப்பிட்டிருந்தது: பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் குத்தி மணத்தை முகர்வது. இதைப் படித்து எத்தனை நல்ல துண்டுகளில் ஓட்டை விழப்போகிறதோ என்று பதறினேன். அம்பரும் கோப்பலும் சூட்டில் ஏறத்தாழ ஒரே பிசின் மணத்தைத் தருபவை. பழகாத மூக்குக்கு அவற்றிடையே வேறுபாடு தெரியாது. பிளாஸ்டிக்கை மட்டுமே அது பிரித்துக் காட்டும், அதற்கு ஓட்டை போடாத வழி இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் 200 முதல் 250 கிராம் வரை உப்பைக் கரைத்து, அதில் துண்டை விட வேண்டும். அம்பரின் ஒப்படர்த்தி, அதாவது நீரை 1 என்று கொண்டால் அதன் அடர்த்தி, 1.05 முதல் 1.10 வரை; உப்புநீர் அதைவிட அடர்த்தியானது, ஆதலால் அம்பர் மிதக்கும். பேக்கலைட், அக்ரிலிக், செல்லுலாய்டு ஆகிய பிளாஸ்டிக் வகைகள் உப்புநீரைவிட அடர்த்தியானவை, மூழ்கிவிடும். பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் அம்பரின் அடர்த்தியை ஒத்தது, அதுவும் மிதக்கும், கோப்பலும் மிதக்கும். எனவே மிதந்ததைக் கண்டு மகிழ்ந்துவிடாமல், நல்ல நீரில் கழுவித் துடைத்தபின், மறைவான ஒரு மூலையில் ஒரு துளி அசிட்டோனை வைத்துச் சில நொடிகளில் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். கோப்பல் பிசுபிசுக்கும், பாலிஸ்டைரீன் கரைந்து குழையும், அம்பர் அந்தச் சில நொடிகளுக்கு அசையாது. புறஊதா டார்ச் கையில் இருந்தால், பால்டிக் அம்பர் வெளிர்நீலமாகவோ மஞ்சளாகவோ ஒளிர்வதையும், சுமத்திரா அம்பர் ஆழ்ந்த நீலம் காட்டுவதையும் பார்க்கலாம். இவற்றில் எந்த ஒன்றும் தனித்துத் தீர்ப்புச் சொல்லாது. மூன்றும் ஒத்துப்போனால் நான் வாங்குவேன்.

அடுத்து பவளம். பவளம் என்றால் நம் மொழியில் செந்நிறம். பவளவாய் என்று சொன்ன பிறகு நிறத்தைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில், கட்டுரையாளர் புதைபடிவப் பவளத்தை நகைக்கடைச் செம்பவளத்தோடு ஒப்பிட்டு, அந்த நிறம் இல்லாததால் ஐயத்துக்குரியது என்று முடிவு கட்டிவிட்டார். செம்பவளம் வேறு உயிரி. இன்றைய கடலில் எட்டு உணரிழைகள் கொண்ட சிற்றுயிர்கள் கட்டும் கிளை அது. கல்லாய்ச் சமைந்த பவளமோ பழங்காலப் பவளப்பாறைகளைக் கட்டிய உயிரிகளின் எச்சம். அதன் நிறம் வெண்மை, பழுப்பு, சாம்பல், மஞ்சள், துருச்சிவப்பு என எதுவாகவும் இருக்கலாம். அதை விரும்புவோர் தேடுவது நிறத்தையன்று. பூப்பூவாய், விண்மீன் விண்மீனாய்க் கல்லெங்கும் நிறைந்திருக்கும் அந்த உருவங்களைத்தான். ஒவ்வொரு பூவும் ஒரு சிற்றுயிர் குடியிருந்த கிண்ணம்.

வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது, இந்தப் பெயரின்கீழ் இரு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன என்பதே. ஒன்றில் பவளத்தின் சுண்ணக்கூடு கரைந்து, அவ்விடத்தில் நிலத்தடி நீர் கொண்டுவந்த சிலிக்கா (மணலில் மிகுதியாக உள்ள தாது) படிந்து, அகேட் என்னும் கடினமான மணிக்கல்லைப் போலாகிவிட்டது. இந்தோனேசியாவின் கச்சாக் கற்களில் பெரும்பாலானவையும், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிடைப்பவையும் இவ்வகை. ஃபுளோரிடா 1979ஆம் ஆண்டில் அதைத் தன் மாநிலக் கல்லாகவே அறிவித்தது. அதன் கடினம், 1 முதல் 10 வரை செல்லும் மோ அளவில், 6.5 முதல் 7. மற்றொன்றில் கூடு கால்சைட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லாகவே நிலைத்திருக்கிறது. மிச்சிகனின் மாநிலக் கல்லாக 1965இல் அறிவிக்கப்பட்ட பெட்டோஸ்கி கல் இதற்கு எடுத்துக்காட்டு: 35 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுள்ள டெவோனியன் காலக் கடலின் ஹெக்சகோனேரியா என்னும் பவளம், அறுகோணக் கட்டங்கள் நெருங்கி அமைந்தது, கடினம் 3 மட்டுமே. காய்ந்திருக்கும்போது அது வெறும் சாம்பல்நிறக் கூழாங்கல்; நனைத்தால்தான் கட்டங்கள் எழுந்துவரும். எது எவ்வகை என்பதை ஓர் எஃகு ஊசி சொல்லிவிடும்: கால்சைட்டில் கீறல் விழும், சிலிக்காவில் விழாது. ஒரு சொட்டு நீர்த்த அமிலம் பட்டால் கால்சைட் நுரைக்கும்.

இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வியைக் கேட்பவர் தம் வீட்டில் என்ன கருவி இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சிலிக்காவாகிய பவளத்துக்கு வைர முனை பதித்த அறுவை வட்டும், தண்ணீர் சொட்டும் சாணைச் சக்கரங்களும், மெருகேற்றச் சீரியம் ஆக்சைடுப் பொடியும் வேண்டும். கல்லின் விலை குறைவு என்றாலும் கருவியின் விலை அந்தக் குறைவை விழுங்கிவிடும். கால்சைட் பவளத்தையும் அம்பரையும், 220 எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600, 1000, 2000 என்று தண்ணீரில் நனைத்து நனைத்துக் கையாலேயே தேய்த்து, வெள்ளீய ஆக்சைடு தடவிய பருத்தித் துணியில் முடித்துவிடலாம். என் கணக்கில், குறைந்த செலவில் தொடங்க விரும்புவோருக்கு இவ்விரண்டையும்விடப் பொருத்தமான கச்சாப் பொருள் இல்லை. அம்பரில் ஒரே எச்சரிக்கை: அவசரப்பட்டு வேகமாகத் தேய்த்தால் சூடேறி மேற்பரப்பு இளகும், சிலசமயம் வெடிக்கும். விரல் வெதுவெதுப்பை உணர்ந்த உடனே நிறுத்திவிட வேண்டும். எண்ணெயில் ஓடும் அறுவை இயந்திரத்தில் அம்பரை வைக்கவே கூடாது; நகைத்தொழிலாளர் கையால் இழுக்கும் மெல்லிய இரம்பமே போதும்.

பவளத்தை நிறைக்கணக்கில் வாங்குவோர் ஏமாறுவது பெரும்பாலும் போலியால் அன்று, விரிசலால். படங்களில் கல்லை நனைத்தே காட்டுவார்கள். மெருகேறிய பின் எப்படித் தோன்றும் என்பதை அது ஓரளவு காட்டுவதால் நனைப்பதில் தவறில்லை. நேரில் வாங்கும்போது கல்லை நனைத்துவிட்டு, அது உலர்வதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேற்பரப்பு வெளுத்த பின்னும் கருங்கோடாக ஈரம் தங்கும் இடங்களில் எல்லாம் விரிசல் இருக்கிறது. தொலைவிலிருந்து வாங்குவோர் நனைந்த படம் ஒன்றும் உலர்ந்த படம் ஒன்றும் கேட்டு வாங்கலாம். தர மறுப்பவரிடம் வாங்காமல் இருக்கலாம். சில கற்களில் சிலிக்கா முழுதாகப் படியாமல் இடையிடையே மென்மையான சுண்ணம் எஞ்சியிருக்கும். சாணையில் அந்த இடங்கள் மட்டும் குழிந்து, பூக்கள் மேடுபள்ளமாக நிற்கும். பளிச்சென்ற இளஞ்சிவப்போ நீலமோ விரிசல்களில் மட்டும் அடர்ந்திருந்தால் அது சாயம்; அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் பஞ்சில் ஏறிவிடும். அறுக்கும் திசையையும் வாங்கும்போதே எண்ண வேண்டும்: பவளத்தின் குழாய்களுக்குக் குறுக்காக வெட்டினால் பூக்கள், நெடுக்காக வெட்டினால் கோடுகள். பூக்கள் வேண்டுமென்று வாங்கிய கட்டி அத்திசையில் மெல்லியதாக இருந்தால், இரண்டு வில்லைகளுக்கு மேல் தேறாது. இதனால்தான் கிலோ விலையை ஒப்பிடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். மொத்த விலையோடு அனுப்பும் கூலியையும் சேர்த்து, கழிவு போகத் தேறும் மணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிறேன். ‘மலிவு’ மூட்டையில் வரும் ஒரு மணிக்கு, அறுத்துத் தந்த நல்ல வில்லையில் வரும் மணியைவிடக் கூடுதல் செலவானதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெரிய மூட்டைக்கு முன் சிறு மாதிரியைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சிலிக்காப் பவளத்தை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. அந்தத் தூள் நுரையீரலில் தங்கி மீளாத நோயைத் தரும். அம்பர்த் தூளும் மூச்சுக்கு நல்லதன்று. இரண்டுக்கும் தண்ணீரும் முகக்கவசமும் வேண்டும்.

மலிவுக்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். கட்டுரை அதையும் சொல்லவில்லை. மியான்மரின் கச்சின் மாநிலத்து அம்பர் ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுப் பழமை கொண்டது, அறிவியலுக்குப் பெருஞ்செல்வம். ஆனால் அச்சுரங்கங்கள் ஆயுத மோதலுக்கு நடுவே இருப்பவை. அங்கே 2017இல் இராணுவம் சுரங்கப் பகுதிகளைக் கைப்பற்றத் தொடங்கிய பின் வாங்கப்பட்ட புதைபடிவங்களைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட வேண்டாம் என்று முதுகெலும்புள்ள தொல்லுயிர்களை ஆராயும் அறிஞர்களின் பன்னாட்டுச் சங்கம் 2020இல் ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. உக்ரைனின் ரிவ்னே பகுதியில் அனுமதியின்றி நீரைப் பாய்ச்சி அம்பர் எடுத்ததில் காடுகள் சேற்றுக்குழிகளாயின. கிடைத்த இடம் சொல்லப்படாத அம்பரை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் இப்போது தொடுவதில்லை. பவளத்தைப் பொறுத்தவரை, இன்றைய கடலின் கல்பவளங்கள் யாவும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. புதைபடிவங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் சுங்க அலுவலரின் கண்ணுக்கு வெளிறிய கால்சைட் பவளமும் நேற்றுக் கடலிலிருந்து எடுத்த பவளமும் ஒன்றுபோலவே தோன்றலாம். எல்லை தாண்டி வாங்குவோர், விலைச்சீட்டில் ‘புதைபடிவம்’ என்ற சொல்லும் கிடைத்த இடமும் எழுதப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெட்டோஸ்கி கல்லை நாமே பொறுக்கினாலும், மிச்சிகனின் அரசு நிலங்களில் ஓர் ஆண்டுக்கு ஒருவருக்கு 25 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11 கிலோ என்ற வரம்பு உண்டு.

எனவே, தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அக்கட்டுரையின் இறுதி இரு வரிகளுக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும்; குறிப்பாக, சூடான ஊசிச் சோதனையை மட்டும் நம்பி யாரும் தம் அம்பரைக் குத்த வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இனி இப்பொருள் பற்றிய கட்டுரைகள் வரும்போது அம்பர், கோப்பல், அழுத்த அம்பர் ஆகிய மூன்றையும், செம்பவளம், சிலிக்காப் பவளம், கால்சைட் பவளம் ஆகிய மூன்றையும் வெவ்வேறு பெயர்களிலேயே அச்சிட வேண்டும். அந்த ‘இளம் அம்பர்’ பையில் எஞ்சியவற்றை நான் எறிந்துவிடவில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு அம்பர்த் துண்டின் மீதும் அசிட்டோன் துளியை வைக்கும்போது, பக்கத்தில் அதில் ஒன்றை வைத்து அதன்மீதும் ஒரு துளி விடுகிறேன். எது எப்படிப் பிசுபிசுக்கும் என்பதை விரல் மறந்துவிடாமல் இருக்க.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்